லினக்ஸ் சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப்: கறுப்புத் திரை, இரட்டை செஷன், திறந்து கிடக்கும் 3389

நொய்யல்கரை (சரவணம்பட்டி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை புதிதாக என் கைக்கு வந்திருக்கிறது. உபுண்டு 22.04 (லினக்ஸ்), அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதன் மேல் சம்பளம், கட்டிங், ஸ்டாக் எல்லாம் சேர்த்து அவர்களுக்கென்றே எழுதிய ஒரு மென்பொருள். அந்த மென்பொருள் சர்வரிலேயே ஜன்னலாகத் திறக்கிற வகை, பிரவுசரில் ஓடாது. சர்வர் கம்பெனி மாடியில் இருக்கிறது, நான் கோவையில் இருக்கிறேன், எல்லாவற்றுக்கும் பஸ் ஏறிப் போக முடியாது.

முன்பு பார்த்தவர்கள் முழு க்னோம் டெஸ்க்டாப்பையும், அதைத் தூரத்திலிருந்து பார்க்க உதவும் எக்ஸ்ஆர்டிபியையும் போட்டு, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை நேராகச் சர்வருக்குத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். கமாண்ட் லைனில் நுழைகிற எஸ்எஸ்ஹெச்சும் வெளியே திறந்திருக்கிறது, பாஸ்வேர்டில்.

இப்போது மூன்று தொல்லை. ஒன்று, நான் உள்ளே நுழைந்தால் பாதி நேரம் வெறும் கறுப்புத் திரை. இரண்டாவது, அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா சனிக்கிழமை வாரச்சம்பளம் போட்டுக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால், திரும்ப நுழையும்போது சில சமயம் விட்ட இடத்திலேயே நிற்கிறது, சில சமயம் புத்தம்புதிய டெஸ்க்டாப் வருகிறது. பழைய செஷனில் சம்பள ஜன்னல் திறந்தபடியே கிடக்க, புதியதில் திறந்தால் "வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்று மறுக்கிறது. கீழே ஆட்கள் சம்பளத்துக்கு நிற்கிறார்கள் என்றால் அந்த அக்காவுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, லாக் கோப்பு முழுக்க யார் யாரோ நுழையப் பார்த்துத் தோற்ற வரிகள்.

டெஸ்க்டாப்பையே தூக்கிவிட்டுக் கமாண்ட் லைனுக்கு மாறுவதா, இதையே ஒழுங்காக வைத்துக்கொள்வதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.


சென்னிமலைத்தறி (சென்னிமலை)

மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்த கையோடு ரவுட்டருக்குள் போய் 3389 ஃபார்வர்டிங்கை எடுத்துவிடுங்கள். அந்த எண் உலகத்துக்கே தெரிந்த எண், இணையம் முழுக்க அதைத் தேடிக்கொண்டு எந்நேரமும் ரோபோ ஓடிக்கொண்டிருக்கிறது. நுழைவுகளைப் பதிகிற ஆத்.லாகில் எக்ஸ்ஆர்டிபி-செஸ்மேன் பெயரோடு வரும் தோல்வி வரிகளைப் பாருங்கள், அட்மின், டெஸ்ட், யூசர் என்று வரிசையாக முயன்றிருப்பார்கள். 3389-ஐ 33890 என்று மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் குறையுமே தவிரப் பாதுகாப்பு வராது. எக்ஸ்ஆர்டிபிக்கு விண்டோஸ் சர்வரில் இருக்கிற என்எல்ஏ, அதாவது திரை காட்டும் முன்பே ஆளைச் சரிபார்க்கும் முறை, கிடையாது. நுழைகிறவன் யாரென்று தெரிவதற்கு முன்பே லாகின் திரை வரைக்கும் வந்துவிடுகிறான்.

டெஸ்க்டாப் தப்பில்லை, அதை வெளியே காட்டுவதுதான் தப்பு. வெளியே தெரிவது எஸ்எஸ்ஹெச் ஒன்று மட்டும் போதும், ரிமோட் டெஸ்க்டாப் அதற்குள்ளே சுரங்கம் போட்டு, அதாவது அந்த இணைப்புக்குள் அடங்கியே, போகட்டும்.

சர்வரில் ஈடிசிக்குள் எக்ஸ்ஆர்டிபி கோப்புறையில் எக்ஸ்ஆர்டிபி.ஐஎன்ஐ இருக்கும். அதில் போர்ட் என்ற வரியில் வெறும் 3389 இருப்பதை டிசிபி://127.0.0.1:3389 என்று மாற்றுங்கள் (127.0.0.1 என்றால் அந்தக் கணினியே). யாரும் செஷனில் இல்லாத நேரம் பார்த்து எக்ஸ்ஆர்டிபியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, எஸ்எஸ் -டிஎல்என்பி கமாண்ட் கொடுத்துப் பாருங்கள். 3389-க்கு எதிரே 127.0.0.1 என்று வர வேண்டும். நட்சத்திரக் குறியோ நான்கு சுழியமோ வந்தால் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் -என் -எல் 3390:127.0.0.1:3389, அதற்குப் பிறகு பயனர் பெயரும் சர்வர் முகவரியும். -என், -எல் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. இது ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட் டெஸ்க்டாப் நிரலில் 127.0.0.1:3390 என்று கொடுத்தால் சர்வர் வந்துவிடும். ஏன் 3390 என்றால், விண்டோஸில் 3389-ஐயே கொடுத்தால் சில சமயம் தன் கணினிக்கே இணையப் பார்ப்பதாக நினைத்து மறுக்கும். விண்டோஸ் 10-ல் 2018 முதலே எஸ்எஸ்ஹெச் கூடவே வருகிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். புட்டி (விண்டோஸ் எஸ்எஸ்ஹெச் நிரல்) பழகியவர்கள் அதில் டனல்ஸ் பக்கத்தில் இதே எண்களைக் கொடுக்கலாம்.

எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டை நிறுத்திக் கீ (கணினியில் வைக்கும் சாவிக் கோப்பு) மட்டும் வையுங்கள். இதில் பலர் ஏமாறும் ஓரிடம் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்டி (சர்வர் பக்கத்து எஸ்எஸ்ஹெச்) கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ என்று எழுதிவிட்டு வேலை முடிந்ததென்று போய்விடுவார்கள். ஆனால் உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்ற கோப்புறையில் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு கோப்பு இருந்து, அதில் யெஸ் என்று இருந்தால், அதுதான் செல்லும். முதலில் படிக்கிற மதிப்புதான் எஸ்எஸ்ஹெச்டிக்குக் கணக்கு, அந்தக் கோப்புறையை முதலிலேயே படித்துவிடுகிறது. அதனால் சூடோவோடு (அட்மின் உரிமையில் ஓட்டும் கமாண்ட்) எஸ்எஸ்ஹெச்டி -டி (பெரிய எழுத்து) கொடுத்து உண்மையில் எது அமலில் இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள். சின்ன எழுத்து -டி கொடுத்தால் கோப்பில் பிழை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், ரீஸ்டார்ட்டுக்கு முன் அதையும் ஓட்டுங்கள். இந்த மாற்றமெல்லாம் செய்யும்போது ஏற்கெனவே நுழைந்த ஒரு டெர்மினலை மூடாமல் அப்படியே வைத்திருங்கள். புதிதாக இன்னொன்றில் நுழைய முடிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதை மூட வேண்டும்.


அமராவதி (கரூர்)

என் கருத்து வேறுங்க. சர்வரில் டெஸ்க்டாப்பே வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கிற க்னோம் கூட நினைவகத்தைத் தின்னும், அது போஸ்ட்கிரெஸ்ஸுக்குப் போக வேண்டியது. அதோடு வந்து சேரும் நூற்றுக்கணக்கான பேக்கேஜுக்கும் அப்டேட் பார்த்தாக வேண்டும். சிஸ்டம்சிடிஎல் செட்-டீஃபால்ட் கொடுத்து மல்டி-யூசர்.டார்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள், அழிக்கக்கூட வேண்டாம், அடுத்த பூட்டிலிருந்து வரைகலை ஏறாது.

லைன் அறுவதுதான் கவலை என்றால் டீமக்ஸ் பழகுங்கள். டீமக்ஸுக்குள் ஓடுகிற வேலை, நீங்கள் அறுந்து போனாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப எஸ்எஸ்ஹெச்சில் வந்து டீமக்ஸ் அட்டாச் கொடுத்தால் விட்ட வரியிலேயே நிற்கலாம். பெரிய டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்கிறபோது இதில்லாமல் நான் கை வைப்பதே இல்லை.

டேட்டாபேஸைப் பார்க்க ஜன்னல் வேண்டுமென்றால் டிபீவரோ பிஜிஅட்மினோ உங்கள் லேப்டாப்பில் போடுங்கள், சென்னிமலை அண்ணன் சொன்ன அதே சுரங்கத்தில் 3389-க்குப் பதில் 5432 (போஸ்ட்கிரெஸ் போர்ட்) கொண்டுபோங்கள். திரையின் படம் முழுவதையும் இழுத்து வருவதற்கும் கேட்ட வரிசைகள் மட்டும் வருவதற்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு தடவை பார்த்தால் போதும். டிஸ்க், சர்வீஸ், லாக் இதையெல்லாம் கண்ணால் பார்க்கக் காக்பிட் இருக்கிறது, 9090 போர்ட், பிரவுசரிலேயே ஓடும். அதையும் வெளியே திறக்காமல் சுரங்கத்தில்தான்.


நொய்யல்கரை (சரவணம்பட்டி)

சென்னிமலை அண்ணா, 3389-ஐ ரவுட்டரில் எடுத்துவிட்டேன். லாகில் அந்த வரிகள் சட்டென்று நின்றுபோனது.

கரூர் அண்ணா சொல்வது எனக்குச் சரி, என் வேலை முழுக்க டெர்மினலில் முடித்துவிடுவேன். ஆனால் சம்பள மென்பொருள் ஜன்னல் இல்லாமல் ஓடாது. அதை எழுதினவர்கள் இப்போது தொடர்பில் இல்லை. அக்கா பகலில் கம்பெனிக்குள்ளிருந்தே பழைய விண்டோஸ் கணினியில் நுழைகிறார், மாலையில் வீட்டிலிருந்து வேறு லேப்டாப்பில். டெஸ்க்டாப் இருந்தே ஆக வேண்டும். எக்ஸ்ஆர்டிபியை 127.0.0.1-க்குக் கட்டிவிட்டால் கம்பெனிக்குள்ளேயே இருக்கிற அக்காவும் சுரங்கம் போட வேண்டுமா?


சென்னிமலைத்தறி (சென்னிமலை)

போட்டால் நல்லது. வேண்டாமென்றால் 127.0.0.1-க்குப் பதில் சர்வரின் உள் முகவரி, அதாவது 192.168-ல் தொடங்குவது, அதற்குக் கட்டி, யூஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால்) கம்பெனி நெட்வொர்க்குக்கு மட்டும் 3389-ஐ அனுமதியுங்கள். அப்படிச் செய்தால் வெளியிலிருந்து வருகிறவர்களின் -எல் வரியிலும் அந்த உள் முகவரியைத்தான் போட வேண்டும். கம்பெனி வைஃபை பாஸ்வேர்ட் வந்து போகிற பையர், லாரிக்காரர் எல்லோருக்கும் தெரியும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நான் எல்லாருக்கும் சுரங்கம்தான் வைத்திருக்கிறேன், சுரங்கக் கமாண்டை எழுதிய ஒரு பேட்ச் கோப்பை அவர்கள் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால் இரண்டு தடவை கிளிக் செய்வதோடு அவர்கள் வேலை முடிந்தது.


மஞ்சள்மண்டி (ஈரோடு)

இரட்டை செஷன் ஏன் வருகிறதென்று உங்கள் இரண்டாவது பதிவிலேயே இருக்குதுங்க. "பழைய விண்டோஸ் கணினி, வீட்டில் வேறு லேப்டாப்". எக்ஸ்ஆர்டிபி ஒருவர் திரும்ப வரும்போது பழைய செஷனைக் கொடுப்பதா புதிது தொடங்குவதா என்பதைப் பயனர் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. எக்ஸ்ஆர்டிபி கோப்புறையிலேயே உள்ள செஸ்மேன்.ஐஎன்ஐயில் பாலிசி என்று ஒரு வரி இருக்கும், அது டீஃபால்ட்டில் இருந்தால் பயனர் பெயரோடு நிற ஆழத்தையும் சேர்த்துப் பார்க்கும். கம்பெனி கணினி 16 பிட்டிலும் வீட்டு லேப்டாப் 32 பிட்டிலும் இணைந்தால் எக்ஸ்ஆர்டிபி கணக்கில் அது இரண்டு செஷன். ஒரே கணினியிலிருந்து திரும்ப நுழையும்போது விட்ட இடம் கிடைத்திருக்கும், கணினி மாறியபோதெல்லாம் புதிது வந்திருக்கும், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு கணினியிலும் ரிமோட் டெஸ்க்டாப் நிரலின் டிஸ்ப்ளே பக்கத்தில் ஒரே நிற ஆழத்தை வைத்து ஆர்டிபி கோப்பாகச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். 16 பிட்டே போதும், சம்பளப் பட்டியலுக்கு அதற்கு மேல் என்ன நிறம் வேண்டும், லைனுக்கும் சுமை குறையும்.

அதே செஸ்மேன்.ஐஎன்ஐயில் கில்டிஸ்கனெக்டட் என்று இருக்கும். அதை ஃபால்ஸிலேயே விடுங்கள். லைன் அறுந்தால் செஷனைக் கொன்றுவிடு என்பதுதான் அதை ட்ரூ ஆக்குவதன் பொருள். சம்பளம் ஓடும் சர்வரில் அது ஆகாது. நினைவகம் நிறைகிறதே என்று சிலர் ட்ரூ வைத்து, டிஸ்கனெக்டட்டைம்லிமிட்டில் நொடிக்கணக்கு கொடுப்பார்கள். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அந்த நேரத்துக்குள் லைன் வரவில்லையென்றால் பாதியில் நிற்கிற வேலை போய்விடும். அதற்குப் பதில் வேலை முடிந்ததும் ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தாமல் லாக்அவுட் செய்யச் சொல்லிப் பழக்குங்கள். பெருக்கல் குறி அழுத்தினால் இணைப்புதான் போகும், செஷன் சர்வரில் உயிரோடு இருக்கும்.

அடுத்தது கறுப்புத் திரை. மாடியில் சர்வருக்கு மானிட்டர் இருக்கிறதா, அதில் யாராவது உங்கள் பெயரிலேயே லாகின் செய்து விட்டுவிட்டு வந்திருக்கிறார்களா பாருங்கள். க்னோம் ஒரே பயனருக்கு இரண்டு வரைகலை செஷன் கொடுக்காது. நேரில் ஒன்று ஓடும்போது தூரத்திலிருந்து நுழைந்தால் கறுப்பாகவோ உடனே மூடிக்கொண்டோ போகும். பாதி நேரம் என்கிறீர்களே, அது யாராவது நேரில் உட்கார்ந்திருந்த நேரமாக இருக்கலாம். டெஸ்க்டாப்பைத் தொடங்குகிற ஸ்டார்ட்டபிள்யூஎம்.எஸ்ஹெச் கோப்பின் மேலே டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ், எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் இரண்டையும் அன்செட் செய்யச் சொல்லிப் பலர் எழுதியிருப்பார்கள், அதில் தீர்ந்ததும் உண்டு. ஆனால் நான் சொல்வது க்னோமை விட்டுவிட்டு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போடுங்கள் என்பதுதான். இலேசானது, நிழல் மினுக்கெல்லாம் இல்லாததால் மெலிந்த லைனிலும் ஓடும். ஒவ்வொருவரின் வீட்டுக் கோப்புறையிலும் புள்ளியில் தொடங்கும் .எக்ஸ்செஷன் கோப்பில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் என்று ஒரே வரி எழுதினால் போதும். போட்ட பிறகு விண்டோ மேனேஜர் அமைப்பில் கம்போசிட்டிங்கை (நிழல், மினுக்கு வேலை) அணைத்துவிடுங்கள். லைட்-லாக்கர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், தூரத்துச் செஷனில் அது திரையைப் பூட்டிவிட்டால் திரும்பக் கறுப்புத்தான் கிடைக்கும், அதைப் பார்த்து எக்ஸ்ஆர்டிபி கெட்டுவிட்டதென்று நினைத்து எதையெதையோ கழற்றுவோம்.

நுழைந்ததும் நிறச் சாதனம் உருவாக்க அனுமதி வேண்டும் என்று பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி வரும். அது கலர்டி என்ற சேவைக்காக போல்கிட் (அனுமதி பார்க்கும் சேவை) கேட்பது, ஆபத்தொன்றும் இல்லை. போல்கிட்டில் அந்தச் செயலுக்கு ஒரு விதி எழுதி அனுமதித்துவிடலாம்.


ஆழியாறு (பொள்ளாச்சி)

எங்கள் பக்கம் பிரச்சினையே வேறு. தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு தென்னை நார் மில், ஃபைபர் இன்னும் வரவில்லை, சிம் போட்ட ரவுட்டர்தான். அதில் போர்ட் ஃபார்வர்டிங் கொடுத்தும் வெளியிலிருந்து நுழையவே முடியாது. காரணம் சிஜிநாட். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் எதிலாவது தொடங்கினால் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை என்று அர்த்தம், பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரவுட்டர் பக்கத்தையே திரும்பத் திரும்ப நோண்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், நொய்யல்கரை தம்பிக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உள்ளே போக முடியாவிட்டால் உள்ளிருந்து வெளியே வர வைக்க வேண்டும். மேகத்தில் (கிளவுட்) மலிவாக ஒரு சின்னச் சர்வர் எடுத்து, மில் சர்வரிலிருந்து அதற்கு எஸ்எஸ்ஹெச் -ஆர் 2222:127.0.0.1:22 என்று தலைகீழ்ச் சுரங்கம். அப்புறம் நீங்கள் மேகச் சர்வரில் ஏறி, அங்கிருந்து 2222 வழியாக மில்லுக்குள் போகலாம். இது எந்நேரமும் நிற்க வேண்டும் என்பதால் சிஸ்டம்டி சர்வீஸாக (தானாகத் தொடங்கி ஓடும் நிரலாக) எழுதி, ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் கொடுங்கள். எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் யெஸ் என்பதை மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், பழைய இணைப்பு மேகத்துப் பக்கம் 2222-ஐ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போது புதிய எஸ்எஸ்ஹெச் இணைந்துவிடும், ஆனால் சுரங்கம் இருக்காது. சர்வீஸ் பச்சையாக ஓடுகிறது என்று காட்டும், உங்களால் நுழைய முடியாது. சர்வர்அலைவ்இன்டர்வல் 30 இந்தப் பக்கமும், கிளையன்ட்அலைவ்இன்டர்வல் மேகத்துப் பக்கமும் கொடுத்தால் செத்த இணைப்புகள் தானாக விலகும்.

இப்போது நான் வயர்கார்டு விபிஎன்னுக்கு மாறிவிட்டேன். 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னல் முதல் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. யுடிபி 51820, சரியான கீ இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது, தேடுகிற ரோபோவுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிற பக்கத்தில் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25 வைத்தால் வழி மூடாமல் இருக்கும்.

மெலிந்த லைனில் எக்ஸ்ஆர்டிபியை விட எக்ஸ்டூகோ என்ற இன்னொரு ரிமோட் டெஸ்க்டாப் நன்றாக ஓடுகிறது என்பது என் அனுபவம். முழுக்க எஸ்எஸ்ஹெச் மேலேயே போகும், தனிப் போர்ட் எதுவும் வேண்டாம், செஷனை நிறுத்தி வைத்துத் திரும்ப எடுக்கலாம். க்னோம் அதில் சரிப்படாது, எக்ஸ்எஃப்சிஇ நன்றாக வரும்.


கொல்லிமலைச்சாரல் (நாமக்கல்)

ஏன் யாரும் விஎன்சி (இன்னொரு ரிமோட் டெஸ்க்டாப் முறை) சொல்லவில்லை? எங்கள் லாரி ஆபீஸில் அதுதான் ஓடுகிறது, சுலபம்.


சென்னிமலைத்தறி (சென்னிமலை)

ஓடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விஎன்சியின் பழைய பாஸ்வேர்ட் முறையில் முதல் எட்டு எழுத்துதான் கணக்கு, நீங்கள் இருபது எழுத்து கொடுத்தாலும் மீதி சும்மா. அந்த முறையில் திரையில் போகிற எதுவும் குறியாக்கமும் ஆகாது. டைகர்விஎன்சியை லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் கட்டி எஸ்எஸ்ஹெச் சுரங்கத்தில் கொண்டுபோனால் சரி. முதல் திரைக்கு 5901, இரண்டாவதுக்கு 5902, 5900-உடன் திரை எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மாடியில் மானிட்டரில் என்ன தெரிகிறதோ அதையே தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்11விஎன்சிதான் வழி, அதற்கு அது நல்ல கருவி. உங்கள் ஆபீஸில் 5900 வெளியே திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.


பேரூர்ப்படித்துறை (கோவை)

தம்பி, எல்லாரும் கம்பி எப்படிப் போவது என்று சொல்லிவிட்டார்கள், நான் யார் எந்தப் பெயரில் நுழைகிறார்கள் என்பதைச் சொல்கிறேன், நான் பார்த்த பல கம்பெனிகளில் அதுதான் ஓட்டை. ஒரே அட்மின் பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஓனர், அக்கவுண்ட்ஸ், மென்பொருள் போட்டவர், எல்லோரும் அதில்தான். ஏதாவது அழிந்துபோனால் யார் என்று கேட்க வழியே இருக்காது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் போடு. சூடோ உன் ஒருவனுக்கு மட்டும். செஸ்மேன்.ஐஎன்ஐயில் அலவ்ரூட்லாகின் ட்ரூ என்று இருந்தால் ஃபால்ஸ் ஆக்கு. அதே பகுதியில் டெர்மினல்சர்வர்யூசர்ஸ் என்று ஒரு வரியில் டிஎஸ்யூசர்ஸ் என்று குழுவின் பெயர் இருக்கும். அந்தப் பெயரில் சர்வரில் குழுவே இல்லையென்றால் எக்ஸ்ஆர்டிபி எல்லோரையும் உள்ளே விடும். குழுவை உருவாக்கி, டெஸ்க்டாப் வேண்டியவர்களை மட்டும் அதில் சேர், ஆல்வேஸ்குரூப்செக்கையும் ட்ரூ ஆக்கிவிடு.

அந்த அக்காவுக்குக் கொடுக்கிற எஸ்எஸ்ஹெச் கீ டெஸ்க்டாப்புக்குச் சுரங்கம் போட மட்டும்தான் பயன்பட வேண்டும். ஆதரைஸ்டு_கீஸ் கோப்பில் அவருடைய கீ வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட், போர்ட்-ஃபார்வர்டிங், பெர்மிட்ஓபன்="127.0.0.1:3389" என்று காற்புள்ளியிட்டு இடைவெளி இல்லாமல் எழுது, கமாண்ட்="/பின்/ஃபால்ஸ்" என்பதையும் அதே போல் சேர்த்துக் கொடு. லேப்டாப் தொலைந்தாலும் அந்தக் கீயை வைத்து எடுக்கிறவனுக்கு டெர்மினல் கிடைக்காது. இங்கே 127.0.0.1 என்று எழுதிவிட்டுப் பேட்ச் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் மறுத்துவிடும், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டை நிறுத்தினால் டெஸ்க்டாப் லாகினுக்கும் நின்றுவிடுமோ என்று பயப்படாதே, எக்ஸ்ஆர்டிபி பாம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு) வழியாகத் தனியே கேட்கும், அது அப்படியே வேலை செய்யும்.

அடுத்த அப்கிரேடை இப்போதே மனதில் வை. 22.04-க்கு வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரல் வரைதான். க்னோம் 46, அது 2024 மார்ச்சில் வந்தது, அதிலிருந்து யாரும் நேரில் லாகின் செய்யாமலே ஆர்டிபியில் நுழைகிற வசதி க்னோமுக்குள்ளேயே இருக்கிறது, உபுண்டு 24.04-ல் அதுதான். ரெட் ஹேட் லினக்ஸ் 10-ல், திரை வரைகிற பழைய எக்ஸ்ஆர்க் சர்வரையே எடுத்துவிட்டுப் புதிய வேலாண்டுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு எக்ஸ்எஃப்சிஇயும் எக்ஸ்ஆர்டிபியும் உனக்குச் சரியான வழிதான், ஆனால் அந்தச் சம்பள மென்பொருள் வேலாண்டில், எக்ஸ்வேலாண்ட் (பழைய நிரல்களை வேலாண்டில் ஓட்டுவது) வழியாக ஓடுகிறதா என்று ஒரு சோதனைக் கணினியில் இந்த வருடமே பார்த்து வைத்துக்கொள்.

இன்னொன்று. க்னோம் போட்ட சர்வரில் மானிட்டர் முன் யாரும் இல்லையென்றால் லாகின் திரையே கணினியைத் தூங்க வைத்துவிடும், நீ தூரத்திலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாலும் கூட. ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட், ஹைப்ரிட்-ஸ்லீப் நான்கு டார்கெட்டையும் சிஸ்டம்சிடிஎல்லில் மாஸ்க் செய்து முடக்கிவிடு. பயாஸில் கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படியும் வை. ஆடிக் காற்றில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால், பட்டனை அமுக்க ஆள் தேட வேண்டியிருக்காது.


நொய்யல்கரை (சரவணம்பட்டி)

அக்கா, அண்ணா எல்லாருக்கும் நன்றி, சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். 127.0.0.1-க்குக் கட்டி, கீ மட்டும் வைத்து, அக்காவின் இரண்டு கணினியிலும் பேட்ச் கோப்பும் ஒரே 16 பிட் ஆர்டிபி கோப்பும் வைத்தாகிவிட்டது. 50-கிளவுட்-இனிட் கோப்பில் உண்மையாகவே யெஸ் என்றுதான் இருந்தது. மானிட்டரிலும் என் பெயரில் ஒரு செஷன் திறந்து கிடந்தது, சூபர்வைசர் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவாராம்.

சம்பளம் போடும்போது வேண்டுமென்றே லைனைப் பிடுங்கி, வீட்டு லேப்டாப்பிலிருந்து நுழையச் சொன்னேன். பாதி தட்டிய தொகையோடு அதே ஜன்னல் அதே இடத்தில் நின்றது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இரண்டு சந்தேகம் மட்டும். எக்ஸ்எஃப்சிஇக்கு மாறியதும் மென்பொருளில் ஆட்கள் பெயர் தமிழில் இருப்பதெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, தமிழில் தட்டவும் வரவில்லை. இன்னொன்று, ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் அக்காவின் வீட்டுக் கோப்புறையில் திங்கிளையன்ட்_டிரைவ்ஸ் என்ற இடத்தில் அனுமதி இல்லை என்று பிழை கொடுத்து நிற்கிறது. சூடோவில் ஓடும்போதும் அப்படித்தான்.


மஞ்சள்மண்டி (ஈரோடு)

எழுத்து சர்வரில் இருந்தால்தான் தெரியும், உங்கள் லேப்டாப்பில் எத்தனை எழுத்துரு இருந்தாலும் பயனில்லை, படமாகத்தானே வருகிறது. ஃபான்ட்ஸ்-லோஹித்-டாமல் அல்லது நோட்டோ எழுத்துருத் தொகுப்பைச் சர்வரில் போட்டு, லாக்அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். தட்டுவதற்கு ஐபஸ்-எம்17என் போட்டால் அதில் தமிழ்99 இருக்கிறது. எக்ஸ்ஆர்டிபி செஷனில் ஐபஸ் தானாகத் தொடங்குவதில்லை என்பதால், .எக்ஸ்செஷன் கோப்பில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் வரிக்கு மேலே ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டுக்கும் ஐபஸ் என்றும், எக்ஸ்மாடிஃபையர்ஸுக்கு @ஐஎம்=ஐபஸ் என்றும் எக்ஸ்போர்ட் கொடுத்து, அதற்கு அடுத்த வரியில் ஐபஸ்-டீமனைப் பின்னணியில் ஓட விடுங்கள். அக்காவின் சொந்த லேப்டாப்பில் விண்டோஸ் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், இரண்டு பக்கமும் தமிழில் வைத்தால் குழம்பும்.

திங்கிளையன்ட்_டிரைவ்ஸ் என்பது அக்காவின் லேப்டாப் டிரைவ் சர்வரில் தெரிகிற இடம். ஃப்யூஸ் (பயனர் தானே இணைக்கும் கோப்பு முறை) வழியாக மவுன்ட் ஆவதால் அந்தப் பயனரைத் தவிர ரூட்டுக்கும் அனுமதி கிடையாது, பேக்கப் அங்கே போய் முட்டுவது அதனால்தான். பேக்கப் ஸ்கிரிப்டில் இருப்பது ஆர்சிங்க் என்றால் --எக்ஸ்க்ளூட் கொடுத்து அந்தக் கோப்புறையைத் தவிர்த்துவிடுங்கள். டிரைவ் பகிர்வே தேவையில்லை என்றால் எக்ஸ்ஆர்டிபி.ஐஎன்ஐயில் சேனல்ஸ் பகுதியில் ஆர்டிபிடிஆர் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடலாம், கிளிப்போர்டுக்கு வேறு வரி என்பதால் காப்பி பேஸ்ட் வசதி அப்படியே இருக்கும். சம்பளப் பட்டியலை அக்கா தன் லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எடுக்கிறார் என்றால் பகிர்வை விட்டுவிட்டுப் பேக்கப்பில் மட்டும் தவிர்ப்பதுதான் சரி.